விமானிகளின் முடிவெடுக்கும் திறனுக்குக் கணினிவழிப் பயிற்சி: கேள்வித்தாளைத் தாண்டி எப்படி அமைப்பது?

தரைவகுப்பு எழுதியது:

வணக்கம். ஒரு விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் தரைவகுப்புப் பாடங்களைக் கணினியில் படிக்கும் வகையில் அமைத்துத் தருவது என் வேலை. எனக்கும் தனியார் விமானி உரிமம் உண்டு; ஆனால் பறந்த மணிநேரம் மிகக் குறைவு என்பதால், அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

முடிவெடுக்கும் திறன் குறித்து எங்களிடம் ஏற்கெனவே ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ வகுத்த ஐந்து அபாயகரமான மனப்போக்குகள் அதன் முதல் பகுதி: அதிகாரத்தை மதியாமை, அவசர புத்தி, தனக்கு எதுவும் நேராது என்ற எண்ணம், வீறாப்பு, எல்லாம் விதி என்று கைவிட்டுவிடுதல். இரண்டாம் பகுதியில் ‘டிசைட்’ எனப்படும் ஆறு படிகள் வருகின்றன. மாற்றத்தைக் கண்டுகொள்வதில் தொடங்கி, செய்த செயலின் விளைவைச் சரிபார்ப்பதில் முடியும் அந்த வரிசை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். கடைசியில் 30 கேள்விகள். மாணவர்கள் பெரும்பாலும் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள்.

சென்ற மழைக்காலத்தில், முழு மதிப்பெண் வாங்கிய ஒரு மாணவர் பயிற்றுநருடன் செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் நெடுந்தொலைவுப் பயிற்சிக்குப் போனார். வழியில் மலைத்தொடரின் மீது மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மேகத்துக்குக் கீழே இருந்தால் போதும் என்று 200 அடி இறங்கினார். சிறிது நேரம் கழித்து இன்னொரு 200 அடி. பிறகு மேலும் 300 அடி. ஒவ்வொரு இறக்கத்தையும் தனித்தனியே பார்த்தால் நியாயமாகவே தெரிந்தது என்று பயிற்றுநர் சொன்னார். நான்காம் முறை மூக்கைத் தாழ்த்தியபோது பயிற்றுநர் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். தரையிறங்கிய பின் நடந்த கலந்தாய்வில் நானும் இருந்தேன். ஆறு படிகளையும் அந்த மாணவர் தடங்கலின்றிச் சொன்னார். “அப்படியானால் ஏன் திரும்பவில்லை?” என்று கேட்டதற்கு, “எந்த இடத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை, சார்” என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து, நான் அமைத்த பாடத்தின் மீதே எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. பாடத்தைப் புதிதாக அமைக்க அனுமதி கிடைத்திருக்கிறது. சிமுலேட்டருக்கு வசதி இல்லை; மாணவர்களின் மடிக்கணினிதான் கருவி, ஒவ்வோர் அமர்வும் 30 முதல் 45 நிமிடம். இதில் எதைக் கற்பிப்பது, எப்படிக் காட்டுவது, கற்றார்களா என்பதை எப்படி அறிவது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மேகத்தளம் எழுதியது:

வணக்கம். விமானப் பயணத்தில் மனிதக் காரணிகள் குறித்து ஆராய்வதும் கற்பிப்பதும் என் துறை. உங்கள் மாணவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே பிடித்துக்கொண்டு பாடத்தை அமைக்கலாம்.

ஆறு படிகள், எட்டுப் படிகள் என்று வரும் எல்லா முறைகளும், முடிவெடுக்க வேண்டிய தருணம் வந்துவிட்டது என்பது விமானிக்குத் தெரியும் என்ற அனுமானத்திலிருந்தே தொடங்குகின்றன. எரிபொருள் அழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அந்த அனுமானம் சரி. வானிலை விளக்கு எரித்துக் காட்டுவதில்லை. அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாயல் மாறும். ஒவ்வொரு சாயலும் முந்தையதைவிடக் கொஞ்சம்தான் மோசமாக இருக்கும். முதல் படியான ‘கண்டுகொள்’ என்பதற்கு நாம் ஒரு வரி எழுதிவிட்டு, மற்ற ஐந்துக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். உண்மையில் பயிற்சியின் பெரும்பகுதி அந்த முதல் படிக்கே செலவாக வேண்டும்.

1980களில் கேரி கிளைன் என்ற உளவியலாளர் தீயணைப்புப் படைத் தலைவர்களை நேர்கண்டு ஆராய்ந்தார். அவர்கள் நான்கைந்து வழிகளை அடுக்கி வைத்து எடைபோடுவதில்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. சூழலைப் பார்த்ததும் அது எந்த வகையானது என்று இனங்கண்டு, அதற்குப் பழகிய ஒரு வழியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து, ஒத்துவந்தால் உடனே இறங்கிவிடுகிறார்கள். அனுபவம் அவர்களுக்குத் தந்தது முதன்மையாகக் கண்பழக்கம். 5,000 மணிநேரம் பறந்தவர் மலைமுகட்டைப் பார்த்த மாத்திரத்தில் திரும்புவதும், 60 மணிநேரம் பறந்தவர் அதே முகட்டைப் பார்த்தும் பாராமல் போவதும் இந்த வேறுபாட்டினால்தான்.

இன்னொரு ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே’ என்ற எண்ணம்தான் விமானிகளை மோசமான வானிலைக்குள் இழுத்துச் செல்கிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையானால், பயணத்தின் கடைசியில் மேகத்தைச் சந்திப்பவர்தான் அதிகம் பிடிவாதம் பிடிக்க வேண்டும். வீக்மன், கோ, ஓஹேர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட சிமுலேட்டர் ஆய்வில் நேர்மாறாக இருந்தது: பயணத்தின் தொடக்கத்திலேயே வானிலை கெடுவதைச் சந்தித்தவர்கள்தான் அதற்குள் நெடுநேரம் பறந்தார்கள், வானிலை நன்றாக இருப்பதாகவும் அவர்களே அதிகமாக மதிப்பிட்டார்கள். அதாவது, பலர் ஆபத்தை அறிந்தே துணியவில்லை. தாங்கள் எதைப் பார்க்கிறோம் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். இது பாடம் அமைப்பவருக்கு நல்ல செய்தி. துணிச்சல்காரரின் மனத்தைக் கணினித் திரையால் மாற்றுவது கடினம். தவறாகப் பார்ப்பவரின் கண்ணைப் பழக்குவது அதைவிட எளிது.

அதைச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். மார்க் விக்கின்ஸ், டேவிட் ஓஹேர் இருவரும் ‘வெதர்வைஸ்’ என்ற கணினிவழிப் பயிற்சியை உருவாக்கி, அதன் விளைவை 2003இல் வெளியிட்டார்கள். அனுபவம் மிக்க விமானிகள் மேகத்தளம், பார்வைத்தூரம், நிலத்துக்கும் மேகத்துக்கும் உள்ள இடைவெளி, தொடுவானம், மழைத்தாரை போன்ற எந்தக் குறிகளைக் கவனிக்கிறார்கள் என்று முதலில் கண்டறிந்து, பறக்கும்போது தெரியும் காட்சிகளைக் கொண்டு அக்குறிகளை மட்டும் புதியவர்களுக்குப் பழக்கினார்கள். அப்பயிற்சியைப் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட உரிய நேரத்தில் முடிவெடுத்தார்கள். அதற்கு மடிக்கணினியே போதும், சிமுலேட்டர் தேவையில்லை.

உங்கள் பாடத்தின் ஒரு காட்சியை நான் இப்படி அமைப்பேன். செஸ்னாவின் முன்கண்ணாடி வழியாகத் தெரியும் காட்சி. தொலைவில் ஒரு மலைமுகடு. அதன்மேல் ஒரு அலைபேசிக் கோபுரம். முதல் படத்தில் முகடு, கோபுரம், அதற்குப் பின்னால் அடுத்த மலைவரிசை, அதற்கும் மேலே வெளிச்சமான ஒரு கீற்று வானம். இரண்டாம் படத்தில் பின்வரிசை மலை சாம்பல் நிறமாகிவிட்டது, கீற்று மெலிந்திருக்கிறது. மூன்றாம் படத்தில் பின்வரிசை இல்லை. நான்காம் படத்தில் கோபுரத்தின் உச்சி மேகத்துக்குள் இருக்கிறது. படங்களுக்கு இடையே 40 விநாடி இடைவெளி. அந்த நேரத்தில் மாணவர் திசையைச் சரிபார்க்க வேண்டும், அலைவரிசையை மாற்ற வேண்டும், நேரத்தைக் குறிக்க வேண்டும். திரையில் எங்கும் ‘பார்வைத்தூரம் 5 கிலோமீட்டர்’ என்று எழுதக் கூடாது. 10,000 அடிக்குக் கீழே பார்வைவழிப் பறப்புக்கு 5 கிலோமீட்டர் வேண்டும் என்பதை எல்லா மாணவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 5 கிலோமீட்டர் என்பது கண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத்தான் திணறுவார்கள். “இனி இது முன்போல் இல்லை” என்று தோன்றும் நொடியில் ஒரு விசையை அழுத்த வேண்டும். பிறகு படத்தில் எந்த இடத்தைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று சுட்டிக்காட்ட வேண்டும். இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. விசையை அழுத்தியது குருட்டு யோகமா, கண்பழக்கமா என்பது அதில் வெளிப்பட்டுவிடும்.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் நடத்திய சோதனையைச் சொல்லலாம். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலைமையில் பறக்க வைத்துப் பார்த்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு எடுத்த நேரம் சராசரியாக 178 விநாடி. ஆனால் இந்த எண்ணைப் பாடத்தின் முதல் திரையில் போட்டு அச்சுறுத்த வேண்டாம். நான்காம் படம் வரை விசையை அழுத்தாத மாணவருக்கு மட்டும், அவர் அழுத்தாத அந்த நொடியில் காட்டுங்கள்.

மழையோடு இறங்கியவன் எழுதியது:

நான் பயணிகள் விமானத்தில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவன். மேலே நண்பர் எழுதியது முழுவதும் தனியாகப் பறக்கும் விமானியைப் பற்றியது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உங்கள் மாணவர்கள் பலரும் நாளைக்குத் துணை விமானி இருக்கையில்தான் உட்காரப் போகிறார்கள் என்பதால், இன்னொரு பக்கத்தையும் பாடத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2020 ஆகஸ்ட் 7 அன்று மழை இரவில் துபாயிலிருந்து கோழிக்கோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 28ஆம் ஓடுதளத்தில் முதல் முயற்சி. கேப்டன் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் வேலை செய்யாததால் அதைக் கைவிட்டு மேலே போனார்கள். அடுத்து எதிர்த்திசையில் 10ஆம் ஓடுதளத்துக்கு வந்தார்கள். அங்கே பின்காற்று இருந்தது. ஓடுதளத்தை நோக்கி இறங்கிவரும் கட்டமான அப்ரோச் நிலைப்படவில்லை; அதாவது வேகமும் இறங்கும் வீதமும் உரிய அளவில் நிற்கவில்லை. 8,858 அடி நீளமுள்ள ஈரமான ஓடுதளத்தில் 4,438 அடியைக் கடந்த பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. துணை விமானி ‘கோ-அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மீண்டும் மேலே போகலாம், என்று சொல்லியிருந்தார். விமானம் மேசைபோல் அமைந்த அந்த ஓடுதளத்தின் விளிம்பைத் தாண்டி விழுந்ததில் 21 பேர் இறந்தார்கள். விமானிகள் இருவரும் அதில் அடக்கம். மாற்று விமான நிலையத்துக்குப் போகப் போதிய எரிபொருள் இருந்தது. அந்தத் தளத்தில் கேப்டன்கள் பற்றாக்குறையாக இருந்ததையும், மறுநாள் காலைப் பயணத்துக்கு அந்த கேப்டன் தேவைப்பட்டார் என்பதையும் விசாரணை அறிக்கை குறிப்பிடுகிறது.

இறந்துபோனவர்களைக் குறைசொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. அந்த இருக்கையில் உட்கார்ந்தவன் என்ற முறையில், இதில் ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு சாதாரணமானது என்று எனக்குத் தெரியும். துடைப்பான் கோளாறு, பின்காற்று, மறுநாள் வேலை, ஈரத்தளம்: தனித்தனியே எடுத்தால் எதற்காகவும் யாரும் ஊரை மாற்றிக்கொண்டு போக மாட்டார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழை இரவில் நானே உயரமாகவும் வேகமாகவும் வந்து, விடாமல் தொடர்ந்து, தூரம் தள்ளி இறங்கி, ஓடுதளத்தின் கடைசி விளக்குகளுக்கு அருகே நிறுத்தினேன். அருகில் இருந்த இளைஞர் ஒரு வார்த்தை பேசவில்லை; நிறுவனத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. பயணிகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குத் தவறான பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு, ‘அன்றைக்கே இறங்கினோமே’ என்பதுதான் என் மனக்கணக்காக இருந்தது. நிலைப்படாத அப்ரோச்சுகளில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே கோ-அரவுண்டில் முடிகின்றன என்று ஃப்ளைட் சேஃப்டி பவுண்டேஷன் பின்னர் கண்டறிந்து சொன்னபோது நான் வியப்படையவில்லை. மீதி 97ஐ அனேகமாக எந்தக் கேடும் இல்லாமல் இறக்கிவிடுகிறோம். கேடில்லாமல் இறங்கிய ஒவ்வொன்றும் அடுத்த தவறுக்கு ஒரு சான்றிதழாகிவிடுகிறது.

ஆகவே உங்கள் பாடத்தில் மாணவரைத் துணை விமானி இருக்கையில் உட்கார வையுங்கள். விமானத்தை ஓட்டுபவர் கேப்டன். அவர் குரல் ஒலிப்பதிவாக வரட்டும், நட்பான, நிதானமான குரலாக இருக்கட்டும். கடுமையான கேப்டனை எதிர்ப்பதைவிட, அன்பான கேப்டனிடம் “வேண்டாம் சார்” என்று சொல்வது பத்து மடங்கு கடினம். “என்ன செய்வீர்கள்?” என்ற கேள்வியை அப்ரோச் கெட்டுப்போன பிறகு கேட்காதீர்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, “எதைப் பார்த்தால் மேலே போகச் சொல்வீர்கள்? எண்ணாக எழுதுங்கள்” என்று கேளுங்கள். பின்காற்று மணிக்கு எத்தனை கடல்மைல் (நாட்), 1,000 அடியில் வேகம் எவ்வளவு, எந்த இடத்துக்குள் சக்கரம் தரையைத் தொட வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுக்கட்டும். பிறகு காட்சி ஓடட்டும். அவர் எழுதிய எல்லை கடந்த நொடிக்கும் அவர் வாய் திறந்த நொடிக்கும் இடையே எத்தனை விநாடி என்று கணினி அளக்கட்டும்.

வாய் திறந்த நொடி என்று நான் சொல்வதை அப்படியே கொள்ளுங்கள். மடிக்கணினியில் ஒலிவாங்கி இருக்கிறது. விசையை அழுத்தினால் போதாது. “கோ-அரவுண்ட்” என்று உரக்கச் சொல்ல வேண்டும், அது பதிவாக வேண்டும், மாணவர் தன் குரலைத் தானே திரும்பக் கேட்க வேண்டும். பலருடைய முதல் பதிவு கேள்விக்குறியோடுதான் முடியும்.

வலப்பக்க இருக்கை எழுதியது:

நான் பறப்புப் பயிற்றுநர். இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு தயக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். நள்ளிரவில் விடுதியில் நாலு பேர் கூடி, விடையைப் பகிர்ந்துகொண்டு, படபடவென்று அழுத்தி முடித்துவிட்டு வருகிறார்கள். பள்ளியும் ‘முடித்தார்’ என்று கோப்பில் குறித்துக்கொள்கிறது. கணினிப் பாடம் பயிற்றுநரின் வேலையைக் குறைக்க வந்தது என்று நிர்வாகம் நினைத்தால், இருப்பதும் கெட்டுவிடும்.

எங்களிடம் பயன் தந்த ஒரே ஏற்பாடு, காட்சியைப் பறப்போடு இணைத்ததுதான். பறப்புக்கு முந்தைய பேச்சின்போது 10 நிமிடம், அன்றைக்குப் போகப்போகும் வழியின் ஒரே ஒரு காட்சித்தொடர். மாணவர் எங்கே அழுத்தினார், எதைச் சுட்டினார் என்பது என் திரையிலும் தெரியும். பிறகு மேலே போனதும் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: “இப்போது முன்னால் தெரிவது காலையில் பார்த்த எத்தனையாவது படம், தம்பி?” முதல் சில பறப்புகளில் பதில் வராது. பிறகு நான் கேட்பதற்கு முன்பே அவர்களாகச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

இன்னொன்று, தொடக்கத்திலேயே கடிகாரத்தை ஓடவிடாதீர்கள். பார்க்கத் தெரியாதவரை அவசரப்படுத்தினால் அவர் ஊகிக்கத்தான் கற்றுக்கொள்வார். முதல் இரண்டு அமர்வுகளில் படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

தரைவகுப்பு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒலிவாங்கி யோசனை எனக்குத் தோன்றவே தோன்றாது, கேப்டன் ஐயா. நேற்று இரவு நானே சொல்லிப் பதிவு செய்து கேட்டேன். என் குரலும் கேள்விக்குறியோடுதான் முடிந்தது.

இரண்டு ஐயங்கள். எல்லாக் காட்சியும் திரும்புவதிலேயே முடிந்தால், மாணவர்கள் இரண்டாம் படத்திலேயே அழுத்திவிட்டு நல்ல பெயர் வாங்கிவிடுவார்களே, அதை எப்படித் தடுப்பது? படங்களை எங்கிருந்து பெறுவது? கணினியில் வரைந்த மேகங்கள் போதுமா?

மேகத்தளம் எழுதியது:

முதல் ஐயம் மிகச் சரியானது. பல பாடங்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். காட்சிகளில் பாதியாவது தொடர்ந்து போவதே சரியாக இருக்கும்படி அமையுங்கள்: மேகம் இறங்குவதுபோல் தோன்றி, முகட்டைத் தாண்டியதும் விலகிவிடும் காட்சி, சாம்பலாகத் தெரிந்தாலும் இடைவெளி குறையாத காட்சி. மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்து வையுங்கள். திரும்ப வேண்டியபோது எத்தனை முறை திரும்பினார் என்பது ஒன்று. திரும்ப வேண்டாதபோது எத்தனை முறை திரும்பினார் என்பது இன்னொன்று. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிட்டால், எல்லாவற்றுக்கும் அஞ்சுபவரையும் நன்றாகப் பார்ப்பவரையும் பிரித்தறிய முடியாது.

கேப்டன் ஐயா சொன்ன கைதட்டலை இங்கேயும் மறக்கக் கூடாது. மாணவர் தவறாகத் தொடர்ந்தும் காட்சி நல்லபடியாக முடியும் சில கிளைகளை வேண்டுமென்றே வையுங்கள், “பத்திரமாக இறங்கினீர்கள், ஆனால் மூன்றாம் படத்தில் உங்களுக்கு இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவன்று” என்று பின்னூட்டம் சொல்லட்டும். அதேபோல், சரியாகத் திரும்பியவருக்கு, பின்னால் வானம் தெளிந்துவிட்டதாகக் காட்டினாலும், அவர் செய்தது சரி என்றே சொல்லுங்கள். எப்படி முடிந்தது என்பதை முதலில் காட்டிவிட்டுப் பிறகு காரணம் சொன்னால், மாணவரின் மனத்தில் முடிவு மட்டுமே நிற்கும், வரிசையை மாற்றுங்கள்.

அழுத்தங்களைப் பாடமாக எழுதாமல் கதைக்குள் வையுங்கள். டல்லஸ்–ஃபோர்ட் வொர்த்தில் இறங்கிய விமானங்களை எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தினர் ஆராய்ந்து 1999இல் எழுதியபோது, இடிமழைக்குள் நுழையும் வாய்ப்பு மூன்று நிலைகளில் கூடியதாகக் கண்டார்கள்: முன்னால் இன்னொரு விமானம் போயிருந்தால், 15 நிமிடத்துக்கு மேல் தாமதமாகியிருந்தால், இருட்டிவிட்டிருந்தால். உங்கள் காட்சியில் ரேடியோவில் இன்னொரு மாணவர் “கடந்துவிட்டேன்” என்று சொல்லும் குரல் ஒன்று போதும். அதே படங்களை அந்தக் குரலோடும் குரலின்றியும் காட்டி, அழுத்தும் நேரம் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று அந்த மாணவருக்கே காட்டலாம். அறிவுரையைவிட அது ஆழமாகப் பதியும்.

கற்றார்களா என்பதை அறிய, பாடத்தில் வராத வழியையும் பாடத்தில் வராத பருவத்தையும் கொண்ட காட்சிகளை ஒதுக்கி வைத்திருங்கள். பாடம் முடிந்த அன்றும், ஆறு வாரம் கழித்தும் அவற்றைக் கொடுங்கள். அதே கோபுரத்தை வைத்துச் சோதித்தால், கோபுரத்தைத்தான் கற்றிருப்பார்கள்.

படங்களுக்கு உங்கள் பயிற்சி விமானமே போதும். இருக்கையின் தலைச்சாய்ப்பில், விமானியின் கண் இருக்கும் உயரத்தில் கேமராவைப் பொருத்தி, பயிற்றுநர்கள் பறக்கும் நாளெல்லாம் பதிவு செய்யச் சொல்லுங்கள். திரும்பி வந்த பறப்புகளின் பதிவுகள்தான் உங்களுக்கு அதிகம் தேவை. ஒரு செய்தியை மட்டும் மறக்க வேண்டாம். கேமராவின் தானியங்கி ஒளிச்சீரமைப்பை அணைத்துவிட்டு, புறப்படும்போது வைத்த அளவிலேயே கடைசிவரை வைத்திருங்கள். நான் முதன்முதலில் பதிவு செய்தபோது அதைச் செய்யத் தவறிவிட்டேன். வானம் இருள இருளக் கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனது. மூன்று மாதம் எடுத்த படங்களில், மாணவர் கண்டுகொள்ள வேண்டிய அந்த மங்கல் ஒன்றில்கூட இல்லை.